ஃபீஸ் ரெண்டு டஜன்

மினியாபொலிஸ்
9 செப்டம்பர் 1984

அன்புள்ள ஆர்லிஸ் அக்காவுக்கும் அப்பாவுக்கும்,

நான் சுகமா இருக்கேன். நீங்க ரெண்டு பேரும் எப்படி? அப்பாவோட முழங்கால் தேவலையா? அவரைக் கேட்டா "அப்படி ஒண்ணும் மோசமில்ல"ன்னுதான் வரும். பரண்லேர்ந்து விழுந்து இடுப்பு முறிஞ்சாலும் நம்ம ஊர்க்காரங்க அதையேதான் சொல்லுவாங்க. அதனால அக்கா, நீயே உண்மையை எழுது.

மூணாம் வருஷம் ஆரம்பிச்சாச்சு. இனிமேதான் நிஜக் கூத்து. அடுத்த வசந்தத்துல எங்க கல்லூரியில அஞ்சு புரொபசருங்க கமிட்டின்னு உக்காருவாங்க. டாக்டருக்குப் படிக்க ஆசைப்படறவங்களை ஒவ்வொருத்தரா கூப்பிட்டுக் குடைவாங்க. பிடிச்சிருந்தா அஞ்சு பேரும் சேர்ந்து ஒரே ஒரு சிபாரிசுக் கடிதம் எழுதுவாங்க. அது இல்லேன்னா எந்த மருத்துவக் கல்லூரியும் நம்ம விண்ணப்பத்தைத் திறந்துகூடப் பாக்காது. நாங்க நூத்திப்பத்து பேர் இருக்கோம். போன வருஷம் பாதிப் பேருக்குத்தான் எழுதினாங்களாம்.

அதுக்குக் கெமிஸ்ட்ரியில நல்ல மார்க் வேணும். ஏப்ரல் கடைசி சனிக்கிழமை நுழைவுத் தேர்வு, அதுலயும் தேறணும். ஆஸ்பத்திரியில நூறு மணி நேரம் சேவை பண்ணியிருக்கணும். நான் சனிக்கிழமை சாப்பாட்டு வண்டி தள்ளறேன். போன வாரம் ஒரு பெரியவர், "டாக்டர், ஜெல்லி பச்சையா சிவப்பா?"ன்னு கேட்டார். என்னை முதல் தடவையா ஒருத்தர் டாக்டர்னு கூப்பிட்டுட்டார்! ரெண்டு கிண்ணமா குடுத்துட்டேன்.

குளிர் வருது, ரெண்டு பேரும் உடம்பைப் பாத்துக்கங்க.

உங்க மாரிட்

நோர்டாலென்
7 அக்டோபர் 1984

அன்புள்ள மாரிட்,

உன் கடிதம் கிடைச்சுது. வழக்கம்போல சாப்பாட்டு மேஜையில வெச்சு, ஒரு வரி விடாம அப்பாவுக்குப் படிச்சுக் காட்டினேன். ஜெல்லி விஷயத்தை ரெண்டு தடவை படிக்கச் சொன்னார். ஞாயித்துக்கிழமை சர்ச்சுல காப்பிக்கு வந்த எல்லாரும் அதைக் கேட்டாச்சு. பாதிரியாருக்கும் மனப்பாடம்.

பீட்ரூட் அறுவடை நடக்குது, லாரி சத்தத்துல காது அடைக்குது. பள்ளிக்கூடச் சமையலறையில எனக்குக் கூடுதல் வேலை. அப்பா நேத்து காப்பிக் கப்பைக் கீழ போட்டு உடைச்சார். அம்மா வாங்கின நீலப்பூ கப்பு. வெண்ணெய்க் கையாம், வழுக்கிடுச்சாம். இருக்கும்.

நல்லா சாப்பிடு. தலைக்குக் குல்லா போடாம வெளியில சுத்தாதே.

ஆர்லிஸ்

*(அடியில், தச்சன் பென்சிலில், கோணல்மாணலாக:)* அப்படி ஒண்ணும் மோசமில்ல. நல்லா படி. — அப்பா

நோர்டாலென்
18 நவம்பர் 1984

அன்புள்ள மாரிட்,

ஆறு வாரமா உன்கிட்டேர்ந்து பதிலே இல்ல. பரீட்சைன்னு தெரியும். சுகமா இருந்தா சரி. நாங்க இங்க இருக்கற மாதிரி இருக்கோம்.

ஒரு விஷயம் கேக்கணும். எதுத்த பண்ணை நெல்வின் டங்செத்துக்கு உடம்பு சரியில்ல. இடது கை மெலிஞ்சுட்டே வருது. தோலுக்கடியில புழு நெளியற மாதிரி துடிக்குது. சமதரையில தடுக்கி விழறார். இப்போ கொஞ்ச நாளா பேச்சும் குழறுது, தண்ணி குடிச்சா புரையேறுது. பெரிய ஊர் டாக்டர்கிட்ட போனாங்க. அவர் காகிதத்தைப் பாத்துக்கிட்டே என்னமோ சொன்னாராம், ஒரு எழவும் புரியலையாம். உன்னைக் கேட்டுச் சொல்லச் சொன்னாங்க. தெரிஞ்சதை மறைக்காம எழுது. அவங்களுக்கு அதான் வேணுமாம்.

வர்ற வியாழக்கிழமை நன்றித் திருநாள் விருந்துக்கு வர வேண்டாம், ரோடு முழுக்கப் பனிக்கட்டி. கிறிஸ்துமசுக்கும் அந்த ஆஸ்பத்திரியில ஆள் வேணும்னு சொன்னியே, அங்கயே இருந்து உன் நூறு மணி நேரத்தை முடிச்சுடு. அப்பாவும் அதைத்தான் சொல்றார்.

ஆர்லிஸ்

மினியாபொலிஸ்
2 டிசம்பர் 1984

அன்புள்ள அக்காவுக்கும் அப்பாவுக்கும்,

சுகம், சுகமறிய ஆசை. பதில் போடாததுக்கு என் காதைத் திருகிக்கோ. கெமிஸ்ட்ரி என்னை ஆட்டி வெச்சுடுச்சு. ஆனா பி ப்ளஸ் வாங்கிட்டேன்!

சரி, நெல்வின் விவகாரத்துக்கு வருவோம். அக்கா, ஒரு முழு நாள் லைப்ரரியில உக்காந்து கண்டுபிடிச்சுட்டேன். உடலியல் புரொபசர்கிட்ட காட்டினேன். "பிரமாதம், ஒரு டாக்டர் மாதிரி யோசிச்சிருக்கே"ன்னு முதுகுல தட்டிக் குடுத்தார். அன்னிக்கு முழுக்க என் கால் தரையிலேயே படல.

கேஸ் இதுதான். மூளையிலேர்ந்து தசைக்கு ஆணை கொண்டுபோற நரம்பு ஒவ்வொண்ணா செத்துட்டு வரும். வேலை இல்லாத தசை மெலியும், துடிக்கும். முதல்ல கை கால், அப்புறம் நாக்கு, தொண்டை, கடைசியில மூச்சு. ஏ.எல்.எஸ்.னு பேர். மருந்து கிடையாது. பொதுவா மூணு வருஷம். பேச்சும் முழுங்கறதும் இப்பவே போக ஆரம்பிச்சாச்சுன்னா ஒரு வருஷத்துக்கு மேல நான் சொல்ல மாட்டேன். இதுல பெரிய கொடுமை என்னன்னா புத்தி கடைசி வரைக்கும் தெளிவா இருக்கும். நடக்கறது எல்லாம் அவருக்குத் தெரிஞ்சுக்கிட்டே இருக்கும். பாவம், நல்ல மனுஷன்.

மறைக்காம எழுதச் சொன்னே, எழுதிட்டேன். என் முதல் நோயாளி! ஃபீஸ் பணமா வேண்டாம். இந்த வருஷம் நம்ம உருளைக்கிழங்கு ரொட்டி, லெஃப்சே சுட்டதும் ரெண்டு டஜன் அனுப்பச் சொல்லு, போதும். அப்பா உருட்டினதுதான் வேணும். பௌர்ணமி மாதிரி வட்டமா உருட்ட அவரால மட்டும்தான் முடியும்.

கிறிஸ்துமசுக்கு வராதது கஷ்டமாத்தான் இருக்கு. அப்பா, எனக்குப் பதிலா ரெண்டு கரண்டி அரிசிப் பாயசம் சாப்பிடுங்க.

(எதிர்கால) டாக்டர் மாரிட் ஹௌகன்

நோர்டாலென்
13 ஜனவரி 1985

அன்புள்ள மாரிட்,

சுகமா? இங்க மைனஸ் முப்பது. கார் கிளம்பல, குழாய் உறைஞ்சுபோச்சு. மத்தபடி ஒண்ணுமில்ல.

உன் கடிதத்தைப் படிச்சுக் காட்டினேன். நீ தெளிவா சொல்லியிருக்கேன்னு நெல்வின் சொன்னார். நன்றி சொல்லச் சொன்னார்.

தனி டப்பாவுல லெஃப்சே அனுப்பியிருக்கேன். ரெண்டு டஜன் கரெக்டா இருக்கும். இந்தத் தடவை நான் உருட்டினேன், வடிவம் பாக்காதே.

ஆர்லிஸ்

மினியாபொலிஸ்
10 பிப்ரவரி 1985

அன்புள்ள அக்கா, அப்பா,

நான் நல்லாத்தான் இருக்கேன். நீங்க இருக்கீங்களான்னுதான் தெரியல. போன கடிதம் என்ன, தந்தியா? கோவமா என் மேல? அடியில அப்பா எழுதற வரி ரெண்டு கடிதமா காணோம். ஞாயித்துக்கிழமை போன் பண்ணா "வெளியில இருக்கார்"ங்கறே. மைனஸ் முப்பதுல வெளியில என்ன வேலை, பனிக்கு உரம் போடறாரா?

அப்புறம் அந்த லெஃப்சே! அக்கா, உன்னை எவ அந்த உருட்டுக்கட்டையைத் தொடச் சொன்னா? ஒண்ணு நார்வே வரைபடம் மாதிரி, ஒண்ணு பனிச்செருப்பு மாதிரி. ஒரு பக்கம் தடி, மறுபக்கம் ஓட்டை. என் அறைத்தோழி டெனீஸ் வயித்தைப் பிடிச்சுக்கிட்டு சிரிச்சா. பாதிக்கு மேல எப்படியோ தின்னு தீர்த்தோம். ரொம்ப மோசமான ஏழு லெஃப்சேயை ஜன்னலுக்கு வெளிய பறவைக்குப் போட்டுட்டேன். அதுங்களே யோசிச்சுத்தான் தின்னுச்சு. அடுத்த வருஷம் தயவு பண்ணி அப்பாவை உருட்ட விடு.

முக்கியமான விஷயம். மார்ச் இருபதுல எனக்குக் கமிட்டி. விண்ணப்பத்தோட "நான் ஏன் டாக்டராகணும்"னு ஒரு பக்கம் கட்டுரை வேற எழுதணும். எங்க ஆலோசகர் மிஸஸ் ப்ராக், "உன் மனசைத் தொட்ட ஒரு நோயாளியைப் பத்தி எழுது, அதுதான் கதவைத் திறக்கும்"ங்கறாங்க. எனக்கு உடனே நெல்வின் ஞாபகம்தான் வந்தது. மார்ச் லீவுல வரேன். அரை மணி நேரம் அவர் பக்கத்துல உக்காந்து பேசணும். எப்படி இருக்கு, பயமா இருக்கான்னு கேட்டு எழுதிக்கணும். ஒத்துக்குவாரா, கேட்டுச் சொல்லேன்.

அன்புடன்
மாரிட்

நோர்டாலென்
3 மார்ச் 1985

அன்புள்ள மாரிட்,

கோவமெல்லாம் இல்ல. எனக்குத்தான் வேலை. அப்பா ஷெட்டுல டிராக்டரைப் பிரிச்சுப் போட்டுக்கிட்டு உக்காந்திருக்கார், அதான் போனுக்கு வர்றதில்ல.

நெல்வினைக் கேட்டேன். என்ன வேணும்னாலும் எழுதிக்கோ, ஆனா நேர்ல வர வேண்டாம்னுட்டார். தேர்வு முடியட்டும், அப்புறம் பாக்கலாம்கறார். பயமா இருக்கான்னு கேட்டியே. ராத்திரியில கொஞ்சமாம்.

லீவுல அங்கயே இருந்து படி. சாப்பாட்டை விட்டுடாதே.

ஆர்லிஸ்

*(அடியில், நீலப் பேனாவில்:)* அப்படி ஒண்ணும் மோசமில்ல. நல்லா படி. — அப்பா

மினியாபொலிஸ்
8 மார்ச் 1985

ஆர்லிஸ்,

அந்த வரி பேனாவுல இருக்கு. அப்பா பேனா தொட்டு நான் பாத்ததே இல்ல. அம்மா சாவுக்குக்கூட சர்ச் புத்தகத்துல அந்தத் தட்டைப் பென்சிலால்தான் எழுதினார்.

நேத்து சாயங்காலம் டங்செத் வீட்டுக்குப் போன் போட்டேன். நெல்வினே எடுத்தார். "யாரு, நம்ம மாரிட்டா? என் கைக்கு என்ன கேடு, இப்பத்தான் பாதை முழுக்கப் பனி அள்ளிப் போட்டுட்டு வரேன்"னார். நீ எழுதினதை அப்படியே சொன்னேன். அப்புறம் குரல் மாறி, "கண்ணு, நீ வீட்டுக்கு வந்துட்டுப் போ"ன்னார்.

நாளைக்குக் காலை பஸ்ஸுல கிளம்பறேன். இந்தக் கடிதம் எனக்கு அப்புறம்தான் அங்க வந்து சேரும். தெரியும். எழுதாம இருந்தா எதையாவது போட்டு உடைச்சுடுவேன், அதான் எழுதறேன்.

படிச்சுக் காட்டினேன்னு எழுதியிருந்தியே. யாருக்குப் படிச்சுக் காட்டினே அக்கா?

மாரிட்

நோர்டாலென்
17 மார்ச் 1985

அன்புள்ள மாரிட்,

பத்திரமா போய்ச் சேர்ந்தியா? பஸ்ஸுல சாப்பிட்டியா? நீ இருந்த நாலு நாள் நம்ம ரெண்டு பேருக்கும் பேச வாய் வரல. இப்போ எழுதறேன்.

அக்டோபர்ல அப்பாவைப் பெரிய ஊருக்குக் கூட்டிட்டுப் போனேன். அந்த டாக்டர் எங்க முகத்தையே பாக்கல. திரும்பி வரும்போது கார்ல அப்பா சொன்னார், "நம்ம பொண்ணைக் கேளு. அவளுக்குப் புரியும்படி சொல்லத் தெரியும்"னு. என் பேரைச் சொல்லாதே, சொன்னா அழுதுக்கிட்டு ஓடி வந்துடுவா, இந்த வருஷம் அவளுக்கு வீணாப்போயிடும், நெல்வின்னு எழுதுன்னார். நான் மாட்டேன்னேன். அவர் பிடிவாதம் உனக்குத் தெரியும்.

உன் கடிதம் வந்த அன்னிக்கு முதல்ல நான் தனியா படிச்சேன். படிச்சுட்டு அடுப்புல போட நினைச்சேன். போட்டிருக்கணும். வாசல்ல நின்னு பாத்துக்கிட்டிருந்தார், கையை நீட்டினார். எப்பவும் போல மேஜையில வெச்சு, ஒரு வரி விடாம படிச்சேன். பாவம் நல்ல மனுஷன்னு எழுதியிருந்தியே, அந்த இடத்துல படிக்கறதை நிறுத்திட்டேன். அவர் மேஜையைத் தட்டி மேல படின்னார்.

நீ கிளம்ப மாட்டேன்னு உக்காந்தப்போ ஏன் சுவத்துப் பக்கம் திரும்பிப் படுத்தார்னு கேட்டே. வாயும் இல்ல, கையும் இல்ல, வேற எப்படி உன்னை விரட்டறது? நீ கோட்டைப் போட்டப்புறம்தான் திரும்பினார். நீ போன பஸ் சத்தம் அடங்கற வரைக்கும் ஜன்னலையே பாத்துக்கிட்டிருந்தார்.

புதன்கிழமை கமிட்டிக்குப் போ. இஸ்திரி போட்ட சட்டை போட்டுட்டுப் போ.

ஆர்லிஸ்

மினியாபொலிஸ்
28 ஏப்ரல் 1985

அன்புள்ள அக்கா, அன்புள்ள அப்பா,

இன்னிக்கு எப்படி இருக்கீங்கன்னு கேக்க பயமா இருக்கு. இருந்தாலும் கேக்கறேன். அப்பா ராத்திரி தூங்கறாரா? தலையணையை உயரமா வெச்சா மூச்சு சுலபமா வரும். நெஞ்சுல சளி கட்ட விடாதே அக்கா.

நேத்து நுழைவுத் தேர்வு முடிஞ்சுது. அப்பா, நரம்பைப் பத்தி ஒரு கேள்வி வந்தது. விடை தெரியும். பென்சிலால அந்தக் கட்டத்தை நிரப்ப ரெண்டு நிமிஷம் ஆச்சு.

கமிட்டி சிபாரிசுக் கடிதம் எழுதறோம்னு சொல்லிட்டாங்க. இதை உங்ககிட்ட முதல்ல சொல்லியிருக்கணும். சந்தோஷமே வரல, அதான் தள்ளிப் போட்டேன். ஒரு புரொபசர், "நோயாளிக்குக் கெட்ட செய்தி சொல்லணும்னா எப்படிச் சொல்லுவே?"ன்னு கேட்டார். தெரியாதுன்னேன். ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கிட்டாங்க. நேர்மையான பதில்னு மிஸஸ் ப்ராக் அப்புறம் பாராட்டினாங்க.

அப்பா, மே பதினெட்டு கடைசிப் பரீட்சை. அன்னிக்கு ராத்திரியே பஸ் ஏறிடறேன். இருங்க. கோடை முழுக்க நான்தான் உங்க நர்ஸ். மத்ததெல்லாம் வந்து பேசிக்கலாம், நான் பேசறேன், நீங்க கண்ணைக் கொட்டினா போதும்.

உங்க மாரிட்

நோர்டாலென்
7 ஜூலை 1985

அன்புள்ள மாரிட்,

சுகமா? அடக்கம் முடிஞ்சு நீ போனதுலேர்ந்து வீடு பெரிசா தெரியுது. நான் பரவாயில்ல. துக்கத்துக்கு சர்ச்சுக்காரங்க சமைச்சுக் கொண்டுவந்த ஹாட்டிஷ் பாத்திரமெல்லாம் நேத்துத்தான் திருப்பிக் குடுத்து முடிச்சேன்.

அப்பா இன்னும் ஒன்பது நாள் பொறுத்திருந்தா நீ வந்திருப்பே. தினமும் காலையில காலண்டரைக் காட்டச் சொல்லிக் கண்ணாலேயே கேப்பார். இன்னும் பத்துன்னு சொன்னேன் ஒரு நாள். மறுநாள் சொல்ல முடியல. இதை இவ்வளவு நாளா உனக்கு எழுத எனக்கு மனசு வரல.

துணிமணியெல்லாம் சர்ச்சுக்குக் குடுக்கலாம்னு எடுத்தேன். வேலை உடுப்போட நெஞ்சுப் பையில உன் டிசம்பர் கடிதம் மடிச்சு இருந்தது. அவர் தூக்கிப் போட்டுட்டார்னு நான் நினைச்சேன். உனக்குத்தான் சொந்தம், அனுப்பறேன். அடியில பாரு. எப்போ எழுதினார்னு எனக்குத் தெரியாது. கிறிஸ்துமஸ் வாரம்தான் இருக்கணும், அப்போதான் வலது கையில கொஞ்சம் பலம் பாக்கி இருந்தது.

இன்னொண்ணும் சொல்லிடறேன். ஜனவரியில நான் உருட்டினேன்னு எழுதினேன். நான் இல்ல. ரெண்டு நாள் ஆச்சு அவருக்கு. கட்டையை ஒரு கையால அழுத்தி, மறு முனையைத் தாடையால பிடிச்சுக்கிட்டு உருட்டினார். நான் உதவப் போனா முறைச்சார். எண்ணி எண்ணி வெச்சார், இருபத்தி நாலு வந்தப்புறம்தான் உக்காந்தார்.

ஆர்லிஸ்

*(இணைப்பு: 2 டிசம்பர் 1984 கடிதம். "எதிர்கால டாக்டர்" என்ற கையெழுத்துக்குக் கீழே, பென்சிலில், எழுத்துக்கு எழுத்து சரிந்து:)*

டாக்டர் நல்லா சொன்னாங்க. அப்படி ஒண்ணும் மோசமில்ல. ஃபீஸ் ரெண்டு டஜன். கட்டியாச்சு. — நோயாளி

மினியாபொலிஸ்
18 ஆகஸ்ட் 1985

அன்புள்ள அக்கா,

நல்லா இருக்கியா? சாப்பிடறியா? ஒரு ஆளுக்குச் சமைக்கப் பிடிக்கலேன்னு காப்பியைக் குடிச்சுட்டுப் படுத்துடாதே. நான் இருக்கேன். காலையில எழுந்து ஆஸ்பத்திரிக்குப் போறேன், வண்டி தள்ளறேன், வரேன்.

விண்ணப்பம் நேத்து போஸ்ட் பண்ணிட்டேன். மிஸஸ் ப்ராக்கிட்ட எல்லாத்தையும் சொன்னேன். கேட்டு அழுதாங்க. நல்லவங்கதான். கண்ணைத் துடைச்சுக்கிட்டு, "இதை எழுது மாரிட், அப்படியே எழுது, இதை விட ஒரு கட்டுரை வேணுமா, எந்தக் கல்லூரியும் கூப்பிடும்"னாங்க. ராத்திரி உக்காந்து எழுதியும் பாத்தேன். நல்லா வந்தது அக்கா. அவ்வளவு நல்லா வந்தது, அதான் கிழிச்சுட்டேன். ஒரு கேஸுக்கு ரெண்டு தடவை ஃபீஸ் வாங்க எனக்கு மனசு வரல. பச்சை ஜெல்லி சிவப்பு ஜெல்லி கதையை எழுதி அனுப்பிட்டேன். கட்டுரை ரொம்ப சாதாரணமா இருக்கு, இடம் கிடைக்கறது கஷ்டம்னாங்க. கிடைச்சா போறேன். கிடைக்கலேன்னா அடுத்த வருஷம் மறுபடி ஜெல்லியைப் பத்தியே எழுதறேன்.

அக்கா, ஒண்ணே ஒண்ணு கேக்கணும். ஒரு மாசமா கேக்காம வெச்சிருக்கேன். பிப்ரவரியில நான் எழுதின கடிதம் ஞாபகமிருக்கா? நார்வே வரைபடம், பனிச்செருப்பு, ஏழு லெஃப்சேயைப் பறவைக்குப் போட்டேன், அதுங்களே யோசிச்சுத்தான் தின்னுச்சுன்னு எழுதினேனே. வர்ற கடிதத்தையெல்லாம் நீ ஒரு வரி விடாமத்தான் படிப்பே.

அதையும் மேஜையில வெச்சு அவருக்குப் படிச்சுக் காட்டினியா?

இல்லைன்னு எழுது. இந்த வருஷம் எனக்கு எவ்வளவோ பொய் எழுதியிருக்கே, இது ஒண்ணு கூட எழுதிடு. பொய்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சாலும் பரவாயில்ல, எழுது.

மாரிட்